நீல மாத்திரையின் கதை

நெல்லிக்குப்பம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலைதான். கடலூர் மாவட்டத்தின் கரும்பு வயல்களுக்கு நடுவே 1842-ல் பாரி நிறுவனம் தொடங்கிய ஆலை அது. அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பெண் பிள்ளை சோர்ந்து, முகம் வெளுத்துத் தெரிந்தால் பாட்டிகள் சொல்லும் வைத்தியம் எளிமையானது. "வெல்லம் சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் வைத்தியம் வேறு. நெல்லிக்குப்பமோ, நெய்வேலியோ, பண்ருட்டியோ, எந்த ஊர் அரசுப் பள்ளியாக இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீல நிறத்தில் ஒரு மாத்திரை கைக்கு வரும். இரும்புச்சத்து மாத்திரை. பல பேர் விழுங்கிவிடுவார்கள். சில பேர் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, ஆசிரியர் திரும்பியதும் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். காரணம் கேட்டால், "வயிற்றைப் புரட்டுது", "மலம் கறுப்பாப் போகுது" என்று பதில் வரும்.

இந்தப் பதிலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "சும்மா சாக்கு சொல்கிறார்கள்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இரும்பு மாத்திரையின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. மாத்திரையை எறிந்த பிள்ளைகள் சொன்னது பொய் இல்லை. அந்தப் பக்க விளைவுகள் மருத்துவர்களுக்கு எப்போதோ தெரியும். விழுங்கும் பிள்ளைக்குத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதற்கு 2023-ல் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய விலை கொடுக்கப்பட்டது. அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டும்.

செந்தூரமும் பத்தியமும்

ரத்தம் குறைந்தவருக்கு இரும்பைக் கொடுப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த யோசனை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சித்த மருத்துவத்தில் உடம்பு வெளுத்துப் போகும் நோய்க்குப் பாண்டு என்று பெயர். அதற்கு அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் போன்ற மருந்துகள் உண்டு. அயம் என்றால் இரும்பு. அன்னபேதி என்பது இன்றைய வேதியியல் புத்தகத்தில் வரும் பெர்ரஸ் சல்பேட். இன்று மாத்திரையில் இருக்கும் இரும்பு உப்பும் பெரும்பாலும் அதேதான்!

இதில் கவனிக்க வேண்டியது மருந்தைவிட அதைக் கொடுத்த விதம். இரும்பை அப்படியே கொடுக்க மாட்டார்கள். முதலில் சுத்தி செய்யவேண்டும், பிறகு மூலிகைச் சாறு விட்டு அரைத்துப் புடம் போடவேண்டும். கொடுக்கும் அளவு குன்றிமணி எடைக் கணக்கில் இருக்கும். ஒரு குன்றி என்பது சுமார் 130 மில்லிகிராம்தான். தேன் போன்ற துணைமருந்தில் குழைத்துக் கொடுப்பார்கள். எத்தனை நாள் சாப்பிடவேண்டும், என்னென்ன சாப்பிடக் கூடாது என்ற பத்தியமும் கூடவே வரும்.

இந்த முறைகள் எல்லாமே இன்றைய சோதனைக்கு நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு விஷயம் தெளிவு. இரும்பை அவர்கள் ஆகாரமாக நினைக்கவில்லை, மருந்தாக நினைத்தார்கள். மருந்து என்றால் அளவு உண்டு, கட்டுப்பாடு உண்டு, பார்த்துக்கொள்ள ஒரு வைத்தியர் உண்டு.

ஐரோப்பாவின் வெளுத்த பெண்கள்

ஐரோப்பாவிலும் இளம்பெண்களுக்கு ஒரு நோய் இருந்தது. முகம் வெளுத்து, லேசாகப் பச்சை பாய்ந்தது போல ஆகிவிடும். மூச்சு வாங்கும். அதைக் 'குளோரோசிஸ்' என்றார்கள். காதல் ஏக்கத்தால் வருகிற நோய் என்றுகூட நம்பினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் இதற்கு இரும்பைப் பரிந்துரைத்தார். 1832-ல் பியேர் பிளோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்ரஸ் சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து ஒரு மாத்திரை செய்தார். அது உலகம் முழுவதும் பரவியது. இன்றைய இரும்பு மாத்திரைக்குத் தாத்தா என்று அதைத்தான் சொல்லவேண்டும்.

குமட்டல், வயிற்றுவலி, மலச்சிக்கல், கறுத்த மலம் என்று இன்று பிள்ளைகள் சொல்லும் குறைகள் எல்லாம் அந்தக் காலத்து நோயாளிகளுக்கும் இருந்தன. ஏன் அப்படி ஆகிறது? விழுங்கும் இரும்பில் சிறு பகுதியைத்தான் குடல் உறிஞ்சிக்கொள்ளும். மீதி எல்லாம் குடலிலேயே தங்கிப் போகும். அது வயிற்றின் உள்சுவரை உறுத்தும், குடலில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பாகும். கறுத்த மலம் ஆபத்தின் அறிகுறி இல்லை. மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

இந்த விளக்கத்தைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இதைச் சொல்லாததால் எத்தனை மாத்திரைகள் குப்பைக்குப் போயின என்பதுதான் இந்தக் கதையின் பாதி.

கோஷா ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி

பள்ளியில் கொடுக்கும் மாத்திரையில் இரும்பு மட்டும் இல்லை. போலிக் அமிலமும் இருக்கிறது. அந்தப் பாதிக்கும் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் இந்தியா வந்தார். பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அதன் காரணத்தைத் தேடியவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் வேலை செய்தார். 1931-ல் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். இன்று அதன் பெயர் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட் என்ற மலிவான சத்துப் பசை அந்தச் சோகையைக் குணப்படுத்துவதை அவர் கண்டுபிடித்தார். அந்தப் பசைக்குள் இருந்த மருந்துப் பொருள்தான் போலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. 1940-களின் நடுவில் அதை அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

லூசி வில்ஸின் ஆராய்ச்சி இன்னொரு பாடத்தையும் தந்தது. எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. அவர் பார்த்த பெண்களில் பலருக்கு இரும்பு கொடுத்திருந்தால் பலன் இருந்திருக்காது. நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் செல் சோகை இருப்பது 1952-ல் கண்டறியப்பட்டது. அதுவும் இரும்புக் குறைவால் வருவதில்லை, பரம்பரையாக வருவது. தலசீமியாவும் அப்படித்தான். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளியின் உடம்பில் ஏற்கெனவே இரும்பு மிதமிஞ்சிக் கிடக்கும். அவருக்கு மேலும் இரும்பு கொடுப்பது தீங்கு.

உள்ளே போகும், வெளியே வராது

1937-ல் இங்கிலாந்தில் மெக்கான்ஸ், விடோசன் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மனித உடம்புக்கு அதிகப்படியான இரும்பை வெளியேற்ற வழியே இல்லை என்பதே அது.

உப்பு அதிகமானால் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் சி அதிகமானாலும் அப்படியே. இரும்பு அப்படி இல்லை. தினமும் சுமார் 1 மில்லிகிராம் உதிரும் தோல், குடல் செல்கள் வழியாகப் போகும். பெண்களுக்கு மாதவிடாயில் இன்னும் கொஞ்சம் போகும். அதற்கு மேல் வெளியேற வழி கிடையாது. ஆகவே உடம்பு வாசலிலேயே காவல் போடுகிறது. போதுமான இரும்பு இருந்தால் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். இந்தக் காவலை நடத்துவது கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் என்பது 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

ஒரு மாத்திரை போட்டால் ஹெப்சிடின் ஏறும். சுமார் ஒரு நாளுக்கு வாசல் பாதி மூடியிருக்கும். சூரிச் நகர ஆய்வாளர்கள் 2015-லும் 2017-லும் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் காட்டின. இரும்புக் குறைவுள்ள பெண்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது, ஒரு மாத்திரையிலிருந்து உடம்பில் சேர்ந்த இரும்பு கூடியது. அதாவது தினமும் திணிப்பதால் பலன் அதே விகிதத்தில் கூடுவதில்லை. உறிஞ்சப்படாமல் குடலில் மிஞ்சுவதுதான் கூடும்.

சரி, ஒரே சமயத்தில் ஏராளமாகக் கொட்டினால்? காவல் உடைந்துவிடும். அளவுக்கு மீறிய இரும்பு குடல் சுவரை அரித்து, நேராக ரத்தத்துக்குள் பாயும்.

மிட்டாய் என்று நினைத்த குழந்தைகள்

1940-களின் பிற்பகுதியில் பிரிட்டனிலிருந்து ஒரு விசித்திரமான செய்தி மருத்துவ இதழ்களில் வர ஆரம்பித்தது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுத்த இரும்பு மாத்திரைகளை வீட்டிலிருந்த சின்னக் குழந்தைகள் எடுத்து விழுங்கி இறந்துபோனார்கள். மாத்திரைகள் பளபளப்பாக, வண்ணமாக, மேலே சர்க்கரைப் பூச்சோடு இருந்தன. குழந்தைக்கு அது மிட்டாய்!

இரும்பு நஞ்சின் போக்கு மிகவும் ஏமாற்றக்கூடியது. முதல் 6 மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, பேதி. சில நேரம் ரத்தமும் வரும். அதன் பிறகு குழந்தை தேறிவிட்டது போலத் தோன்றும். பெற்றோர் நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிப்போக நினைப்பார்கள். அந்த நேரத்தில்தான் இரும்பு ஈரலையும் இதயத்தையும் தாக்கிக்கொண்டிருக்கும். அடுத்த ஓரிரு நாளில் ரத்த அழுத்தம் விழும், ஈரல் செயலிழக்கும். 1960-களில் டெஸ்பெரியாக்சமின் என்ற மாற்று மருந்து வந்தது. அது ரத்தத்தில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேற்றும். ஆனால் அதை நேரத்தோடு கொடுக்கவேண்டும்.

எவ்வளவு விழுங்கினால் ஆபத்து? உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினாலே வயிற்றுத் தொந்தரவு தொடங்கும். 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் நச்சுப் பொருள் விழுங்கி இறப்பதற்கு ஒரு காலத்தில் இரும்பு மாத்திரையே முதல் காரணமாக இருந்தது. 1997-ல் அந்நாட்டு அரசு இரும்பு மாத்திரைகளின் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் என்றது. வீரியம் அதிகமான மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்கும்படி தனித்தனியாக அடைக்கவேண்டும் என்றும் சொன்னது. பிந்தைய விதி 2003-ல் நீதிமன்றத் தீர்ப்பால் போய்விட்டது. ஆனால் அந்த நடவடிக்கைக்குப் பிறகு இறப்புகள் பெருமளவு குறைந்தன. மருந்து மாறவில்லை. சொன்ன விதமும் கொடுத்த விதமும்தான் மாறின.

1970: அரசு மாத்திரை

இந்தியா 1970-ல் தேசிய ஊட்டச்சத்து ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, 100 நாட்களுக்கு. நல்ல திட்டம். தேவையான திட்டமும்கூட. ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்து.

ஆனால் 1980-களின் நடுவில் திட்டத்தை ஆராய்ந்து பார்த்தபோது சோகை குறைந்ததாகத் தெரியவில்லை. மாத்திரை சரியாகப் போய்ச் சேரவில்லை, போய்ச் சேர்ந்த இடத்திலும் பலர் முழுமையாகச் சாப்பிடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் திட்டத்துக்குப் பெயர் மாற்றினார்கள். கூடவே இரும்பின் அளவை 60-லிருந்து 100 மில்லிகிராமாக உயர்த்தினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று மாத்திரையை விட்டவர்களுக்கு, இன்னும் அதிகமாக வயிற்றைப் புரட்டும் மாத்திரை!

கிராமங்களில் அதற்குள் வேறு நம்பிக்கைகளும் வேர்விட்டிருந்தன. மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பார்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று சிரிப்பது சுலபம். ஆனால் மலம் கறுப்பதை ஒரு பெண் தன் கண்ணால் பார்க்கிறாள். ஏன் என்று நர்சு சொல்லவில்லை. அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறாள். உண்மை சொல்லப்படாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2018-ல் வந்த 'ரத்தசோகை இல்லா இந்தியா' திட்டத்தில்தான் அளவு மறுபடியும் 60 மில்லிகிராமுக்கு இறங்கியது. சுற்றி வளைத்து 1970-க்கே திரும்பி வந்தாயிற்று.

2013: ஒரே மாதத்தில் இரண்டு செய்திகள்

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை என்ற திட்டம் நாடு முழுவதும் 2013-ல் சூடு பிடித்தது. நீல மாத்திரை பள்ளிக்கூடத்துக்கு வந்தது இப்படித்தான். தினமும் இல்லாமல் வாரம் ஒன்று என்பதால் பக்க விளைவு குறையும். சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியர் முன்னால் விழுங்கவேண்டும். வருடத்தில் இரண்டு முறை பூச்சி மாத்திரையும் உண்டு. காகிதத்தில் குறை சொல்ல முடியாத திட்டம்.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. நாடே அதிர்ந்தது. அதே மாதம் டில்லியின் அரசுப் பள்ளிகளில் இரும்பு மாத்திரை விழுங்கிய ஏராளமான மாணவர்கள் வயிற்றுவலி, வாந்தி என்று மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். பெற்றோர் பள்ளிக்கு ஓடிவந்தார்கள். பீகார் செய்தி வந்த சூட்டோடு இதுவும் வந்தால் யார்தான் பயப்படமாட்டார்கள்?

வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை போட்டால் சில பேருக்குக் குமட்டும். ஒருவர் வாந்தி எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் பயத்தில் வயிற்றைக் கலக்கும். "லேசாக வயிறு வலிக்கலாம், தண்ணீர் குடி, கொஞ்ச நேரத்தில் சரியாகும்" என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளை அழாது. சொல்லப்படாத பிள்ளை, தான் சாகப்போகிறோம் என்று நினைக்கும்.

பெம்பா தீவின் பாடம்

பக்க விளைவு என்றால் வயிற்றுவலி மட்டும்தானா? ஆப்பிரிக்காவில் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில் நடந்த ஆய்வு வேறு பதிலைச் சொன்னது. மலேரியா மிகுந்த அந்தத் தீவில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். நல்லது நடக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் இரும்பு பெற்ற குழந்தைகளில் கடும் நோயால் மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் 12 சதவீதம் அதிகமாக இருந்தது. 2003 ஆகஸ்டில் இரும்பு கொடுப்பதை நிறுத்தினார்கள். முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. மலேரியா இல்லாத நேபாளச் சமவெளியில் நடந்த இதே போன்ற ஆய்வில் அந்தக் கெடுதல் காணப்படவில்லை.

கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். அதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் தன் ஆலோசனையை மாற்றியது. மலேரியா உள்ள இடங்களில் மலேரியாத் தடுப்பும் சிகிச்சையும் சேர்ந்து இருந்தால்தான் குழந்தைகளுக்கு இரும்பு கொடுக்கவேண்டும் என்றது. தவறு நடந்தது, வெளியே சொன்னார்கள், திருத்தினார்கள். மருத்துவம் வளர்வது இப்படித்தான்.

ஊட்டி, 2023

இனி முதலில் சொன்ன அந்த விலைக்கு வருவோம்.

2023 மார்ச் மாதம். ஊட்டியில் ஒரு நகராட்சிப் பள்ளி. மாணவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த இரும்பு மாத்திரைகள் சில பிள்ளைகள் கையில் மொத்தமாகக் கிடைத்தன. யார் அதிகம் விழுங்குவது என்று அவர்களுக்குள் பந்தயம். விளையாட்டாக விழுங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக மயங்கினார்கள். ஊட்டியிலிருந்து கோவை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு ஈரல் மிகவும் பாதிக்கப்பட்டிருந்தது. மேல் சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் இறந்துபோனாள்.

அந்த இரண்டு எண்களை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. 35 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை 1 மாத்திரை விழுங்கினால் கிலோவுக்கு 2 மில்லிகிராம்கூட இல்லை, ஒன்றும் ஆகாது. 20 மாத்திரை என்றால் 1,200 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 34. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை. 40 மாத்திரை என்றால் 2,400 மில்லிகிராம், கிலோவுக்கு 68. உயிர் போகும் எல்லையைத் தாண்டியாயிற்று. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் இது. ஆனால் இந்தக் கணக்கை எந்த வகுப்பிலும் போட்டுக் காட்டவில்லை.

பந்தயம் கட்டிய பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர்களுக்குச் சொல்லப்பட்டது எல்லாம் "இது சத்து மாத்திரை, உடம்புக்கு நல்லது" என்பதுதான். மேலே சர்க்கரைப் பூச்சு, அழகான நீல நிறம், கொடுப்பது ஆசிரியர். நல்லது என்றால் நிறையச் சாப்பிட்டால் இன்னும் நல்லதுதானே என்று ஒரு பிள்ளை நினைப்பதில் தவறு என்ன? பிரிட்டனில் 1940-களில் தெரிந்த ஓர் உண்மை, முக்கால் நூற்றாண்டு கழிந்தும் நீலகிரி மலையில் ஒரு வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. லூசி வில்ஸ் வேலை செய்த குன்னூர் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அப்படியானால் மாத்திரை வேண்டாமா?

வேண்டும், நிச்சயமாக வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 55. ஏறத்தாழ இரண்டில் ஒரு பெண் என்ற நிலை மாறவே இல்லை. வகுப்பில் கவனம் நிற்காததற்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும், பிரசவத்தில் உயிர் போவதற்கும் சோகை ஒரு காரணமாக இருக்கிறது. வெல்லத்தை மட்டும் நம்பி இதைச் சரிசெய்ய முடியாது, அதில் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான். பக்க விளைவைப் பார்த்து மாத்திரையைத் தூக்கி எறிவது நஷ்டம்.

எறியாமல் இருக்கவேண்டும் என்றால் சில விஷயங்கள் தெரிந்திருக்கவேண்டும். வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மாத்திரை போட்டவுடன் டீ, காபி குடித்தால் இரும்பு உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது போகட்டும். கால்சியம் மாத்திரையும் சாப்பிடும் கர்ப்பிணிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, ஒன்றை ஒன்று தடுக்கும். எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்கு இதை நினைவில் வைப்பது சுலபம், மருந்து ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது! மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். தலசீமியா போன்ற ரத்தநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. மாத்திரை அட்டை குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய இடத்தில் இருக்கவேண்டும். யாராவது அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால், வாந்தி நின்று தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இவ்வளவுதான். வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்ற பழமொழியைத் தமிழ்நாட்டில் தெரியாத பிள்ளை கிடையாது. கட்டுரைப் போட்டியில் எழுதாத பிள்ளையும் கிடையாது. ஆனால் அமிர்தத்துக்கு எது அளவு, எங்கே அது மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பழமொழிக்குப் பயன். பழைய வைத்தியர் குன்றிமணியால் நிறுத்துக் கொடுத்துப் பத்தியமும் சொல்லி அனுப்பினார். இன்றைக்கு நிறுத்துக் கொடுக்கும் வேலையைத் தொழிற்சாலை செய்துவிடுகிறது. சொல்லி அனுப்பும் வேலையை மட்டும் இன்னும் மனிதர்தான் செய்யவேண்டும்.

அடுத்த வாரமும் நீல மாத்திரை வரும். அதோடு அந்த ஐந்து நிமிடமும் வருமா?